ஊத்தங்கரைப் பக்கம் வெள்ளம் வந்தால் பழைய துணி அனுப்பலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். காரணம் சொல்கிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் கிருஷ்ணகிரி, தருமபுரி மேல் நின்று கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. கடலே இல்லாத, வறட்சிக்குப் பேர்போன மாவட்டம். வெள்ளத்துக்குப் பழகிய ஊரல்ல. ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளையே இழுத்துப் போனது.

இப்படிப்பட்ட நேரத்தில் முதல் தேவை குடிதண்ணீர். கிணறு, போர்வெல் தண்ணீரில் சேறு கலந்துவிடும், அதை ஏற்றும் மேல்நிலைத் தொட்டியும் கெடும். குளோரின் மாத்திரையும் மூடியுள்ள குடமும் வயிற்றுப்போக்கைத் தடுக்க உதவும், வந்துவிட்டால் உடலில் நீர் வற்றாமல் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் உயிர் காக்கும். அடுத்து நாப்கின், புது உள்ளாடை, பாய், போர்வை. வாய்விட்டுக் கேட்கப் பெண்கள் கூச்சப்படுவார்கள், நாமே சேர்த்து அனுப்ப வேண்டும். பழைய துணியோ பிரிக்க ஆளில்லாமல் மண்டபத்தில் நனைந்து குவியும்.

மாடுகளை மறந்துவிடாதீர்கள். வைக்கோல் போர் நனைந்தால் பால்காசை நம்பும் வீடு முடங்கும். ஒரு வண்டித் தீவனம் பெரிய உதவி.

அனுப்புமுன் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அழைத்து எந்த முகாமில் என்ன தேவை என்று கேளுங்கள். கேட்காமல் அனுப்பினால் சாலையோரக் கிராமத்துக்கே எல்லா வண்டியும் போய்ச் சேரும், உள்ளே இருக்கும் மலைக்கிராமம் காத்துக் கிடக்கும்.

பயிர் இழந்தவர்கள் வயலைச் சீர்செய்யுமுன் படம் எடுத்து வி.ஏ.ஓ.விடம் பதியுங்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதமென்று கணக்கெடுப்பில் வந்தால்தான் இடுபொருள் நிவாரணம் (விதை, உரம் போன்ற செலவுக்கான அரசு உதவி) கிடைக்கும்.