பிள்ளையோடு நீங்களும் வாருங்கள்: குழந்தைகளின் மனச்சோர்வு பற்றிய கேள்வி-பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பழைய வட ஆற்காடு முழுக்க ஒரே கவலைதான் போலிருக்கிறது: பிள்ளைக்கு மனச்சோர்வு என்றால் குடும்பத்தையே ஏன் கூப்பிடுகிறார்கள்? எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் மகனுக்கு 11 வயது. கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்கு வயிற்று வலி என்கிறான். ஸ்கேன் வரைக்கும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. இப்போது மனச்சோர்வு என்கிறார்கள். கவுன்சலிங்குக்கு நானும் வீட்டுக்காரரும் கட்டாயம் வரவேண்டுமாம். பிரச்சினை பிள்ளைக்கா, எங்களுக்கா? – ஒரு தாய், குடியாத்தம்

கஷ்டம் பிள்ளைக்குத்தான் அம்மா. நீங்கள் வளர்த்தது சரியில்லை என்று யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. அந்த எண்ணத்தை முதலில் இறக்கி வையுங்கள். பரம்பரை, உடல்வாகு, பள்ளியில் பட்ட அவமானம், வீட்டில் நடந்த ஒரு சாவு என்று எத்தனையோ சேர்ந்துதான் மனச்சோர்வு வருகிறது. பெரியவர்களைப் போல மூலையில் உட்கார்ந்து அழுவது குழந்தைகளிடம் குறைவு. எரிச்சலாக, கோபமாக, தலைவலி வயிற்று வலியாகத்தான் அது வெளியே தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்து, விளையாட்டும் பிடிக்காமல், தூக்கமும் சாப்பாடும் மாறிப்போனால் பார்த்தே ஆகவேண்டும். வயிற்று வலி நடிப்பு இல்லை, அவனுக்கு நிஜமாகவே வலிக்கிறது.

பிறகு உங்களை ஏன் கூப்பிடுகிறார்கள்? மனச்சோர்வு வந்த பிள்ளை ஒதுங்குகிறது. ஒதுங்குவதைப் பார்த்துப் பயந்துபோய் நாம் துருவித் துருவிக் கேட்கிறோம், திட்டுகிறோம், பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டுகிறோம். பிள்ளை இன்னும் ஒதுங்குகிறது. யார் மேலும் தப்பில்லை, ஆனால் இது சுற்றிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்னிடம் பேசிவிட்டு அதே சுழலுக்குள் அவன் திரும்பிப் போனால், நான் பேசியது எவ்வளவு தங்கும்?

அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். பிள்ளை பெரும்பாலும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காரும். "காலையில் என்ன சாப்பிட்ட கண்ணா?" என்று நான் கேட்டால், அவன் வாய் திறப்பதற்குள் "ரெண்டு இட்லிதான் மேடம், அதையும் பாதி வச்சுட்டான்" என்று அம்மாவிடமிருந்து பதில் வரும். அப்பா செல்போனைப் பார்ப்பார். பையன் செருப்பு வாரைக் குடைந்துகொண்டிருப்பான். கேள்வி யாரைக் கேட்டதோ அவர்தான் பதில் சொல்லவேண்டும், எவ்வளவு நேரமானாலும் சரி என்று ஒரு ஏற்பாடு செய்வேன். அந்த மௌனத்தைத் தாங்குவது அம்மாக்களுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். தாங்கிவிட்டால் பிள்ளை பேசும். அடுத்து அவனோடு தனியாக, உங்களோடு தனியாக, கடைசியில் மறுபடி எல்லோரும்.

வீட்டுக்கும் வேலை கொடுப்போம். தினமும் கால் மணி நேரம் படிப்பையும் மார்க்கையும் பற்றிப் பேசாமல் அவனோடு இருப்பது. அவன் செய்த சின்ன நல்லதைப் பெயர் சொல்லிச் சொல்வது. "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. "இன்னைக்கு எங்களோட உக்காந்து சாப்பிட்ட, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு" என்று சொல்லுங்கள். "எப்பப் பாரு போன்" என்பதற்குப் பதிலாக "எட்டு மணிக்கு போனை வச்சுட்டு வரியா?" என்று கேளுங்கள். இதுபோன்ற பழக்கங்களைக் குடும்பத்துக்கே சேர்த்துக் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் அமெரிக்காவில் வெளியானது. 7 முதல் 14 வயது வரையுள்ள 134 பிள்ளைகள். பிள்ளைக்கு மட்டும் ஆதரவாகப் பேசிய குழுவைவிடக் குடும்பத்தோடு வந்த குழுவில், சிகிச்சை முடிந்த நேரத்தில் தேறியவர்கள் அதிகம்.

குடும்பத்தைச் சேர்ப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1957இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் தொடங்கியதிலிருந்தே, நோயாளியோடு உறவினர் ஒருவர் கூடவே தங்கவேண்டும் என்பது அங்கே நடைமுறை. அதே காலத்தில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர், குடும்பங்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். மற்ற நாடுகள் பலவும் நோயாளியைப் பூட்டிய கதவுக்குள் தனியே வைத்திருந்த காலம் அது. நம் ஊர் காட்டிய வழி என்று நாம் பெருமைப்படலாம்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்தால் எனக்கே எதுவும் பிடிக்கவில்லை, அடிக்கடி அழுகிறேன். 13 வயது மகளுக்கு மனச்சோர்வுக்கு சிகிச்சை நடக்கிறது. என்னைப் பார்த்துத்தான் அவளுக்கும் வந்துவிட்டதா? – ஒரு தாய்

உங்கள் முழுக் கடிதத்தில் மகளைப் பற்றி நாலு வரி, உங்களைப் பற்றி ஒரு வரி. அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

உங்களைப் பார்த்து வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மனச்சோர்வுக்கும் வைத்தியம் பார்த்தால் மகளுக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்லலாம். 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைத்தான் பார்த்தது. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த தாய்மாரில், மூன்று மாதத்துக்குள் முழுதாகத் தேறியவர்களின் பிள்ளைகளிடம் மனநலப் பிரச்சினைகள் குறைந்தன. தேறாதவர்களின் பிள்ளைகளிடம் கூடின. பிள்ளைகளுக்கு அந்த ஆய்வில் தனியாக வைத்தியம் எதுவும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் மகளைக் கூட்டிப்போகும் அன்றே உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள். லீவு கிடைப்பதும் சம்பளப் பிடித்தமும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு மருத்துவமனையில் விசாரித்தால் சொல்வார்கள். பிள்ளைக்குச் செலவு செய்வேன், எனக்கு எதுக்கு என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மாமியார் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "காத்து கருப்பு பட்டிருக்கு, மந்திரிச்சுட்டு வந்தா சரியாப்போகும்" என்கிறார். பையனும் ஆயா பேச்சைத்தான் கேட்பான். – பேரணாம்பட்டு

பையன் ஆயா பேச்சைக் கேட்பான் என்றால், உங்கள் வீட்டில் சிகிச்சைக்கு மிகவும் தேவைப்படும் ஆள் ஆயாதான். அவரோடு சண்டை போடாதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் மந்திரித்துத் தாயத்து கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது, கட்டிவைப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது, இவற்றில் எது வந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்த முறை ஆயாவைக் கூட்டிவாருங்கள். "உங்க பேரன் உங்ககிட்ட மட்டும்தான் மனசு விட்டுப் பேசுறானாமே, எங்களுக்கு நீங்க உதவி பண்ணணும்" என்று மருத்துவரே கேட்கட்டும். மருமகள் சொல்லிக் கேட்காதவர்கள் டாக்டர் மதித்துக் கேட்டால் மனம் மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவது, சாயந்தரம் பேரனோடு கடைத்தெரு வரை நடப்பது என்று அவருக்கென்று ஒரு பொறுப்பும் கொடுங்கள்.

எனக்கு 15 வயது, ராணிப்பேட்டை. நான் கவுன்சலரிடம் சொல்வதையெல்லாம் அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுவார்களா? அப்படியென்றால் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

நீயே எழுதிக் கேட்டதற்கு நன்றிம்மா. நல்ல கவுன்சலர் முதல் நாளே உன்னையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்து இதைப் பேசிவிடுவார். பேசவில்லை என்றால் நீயே கேள். உன் நண்பர்கள், உனக்கு யாரையாவது பிடித்திருப்பது, வீட்டில் யார்மேல் கோபம், இவையெல்லாம் உனக்கும் அவருக்கும் இடையில் இருக்கும். பெற்றோருக்குப் பொதுவாக எப்படிப் போகிறது, வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்பதுதான் போகும்.

உன் உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ, தவறாக நடந்துகொண்டாலோ, அதை அவர் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. உன்னைக் காப்பாற்றச் சட்டப்படியும் அவர் மற்றவர்களிடம் சொல்லியாக வேண்டியிருக்கும். அப்போதும் யாரிடம், எப்படிச் சொல்வது என்று உன்னோடு பேசிவிட்டே சொல்வார்.

பெற்றோரிடம் நீயே சொல்ல விரும்பி, வாய் வராத விஷயம் ஏதாவது இருக்கும். அதைக் கவுன்சலர் முன்னிலையில் சொல்லலாம். நீ பேசி முடிக்கும்வரை அப்பா குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் லீவு. அப்பா இல்லாமல் குடும்ப சிகிச்சை நடக்குமா? – கணியம்பாடி

நடக்கும். உங்கள் பக்கத்தில் ராணுவக் குடும்பங்கள் ஏராளம், இந்தக் கேள்வியும் அடிக்கடி வரும். மாதம் ஒரு தடவையாவது வீடியோ காலில் அவரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியமானது அவர் தினமும் செய்யும் போன். "படிச்சியா, அம்மா பேச்சைக் கேட்டியா" என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும் போன், பிள்ளைக்கு விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. தான் அன்று என்ன சாப்பிட்டேன், அங்கே குளிர் எப்படி என்று முதலில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லட்டும். லீவில் வரும்போது மொத்தக் கண்டிப்பையும் ஒரே மாதத்தில் காட்டவேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

மாத்திரை கொடுத்து பத்து நாளாகியும் மாற்றம் இல்லை. நிறுத்திவிடலாமா? – வாணியம்பாடி

வேண்டாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தேறிய பிறகும் பல மாதம் தொடரவேண்டியிருக்கும். நிறுத்துவதென்றால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகப் படபடப்பாகவோ, தூங்காமலோ, சாவைப் பற்றிப் பேசிக்கொண்டோ இருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அட்டை பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

"நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கு நிம்மதி" என்கிறாள் 14 வயது மகள். மிரட்டுகிறாளா, நிஜமா? கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். – ஆற்காடு

கேளுங்கள். இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்ட பிறகு பாரம் குறைந்தது என்றுதான் பிள்ளைகள் சொல்கிறார்கள். தனியாக உட்காரவைத்து, "செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அழாமல், திட்டாமல், சத்தியம் வாங்காமல், கடைசிவரை கேளுங்கள். "எப்படின்னு யோசிச்சியா?" என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றே மருத்துவமனை. அதுவரை ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள்.

மிரட்டலா நிஜமா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டும் கலந்திருந்தாலும் பிள்ளை தாங்கமுடியாத வேதனையில் இருக்கிறது என்பது உண்மை. வீட்டிலுள்ள பூச்சி மருந்து, எலி மருந்து, பாட்டியின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை உங்களிடம் வையுங்கள், அல்லது வீட்டைவிட்டே அகற்றுங்கள். அந்த எண்ணத்தின் உச்சம் பல நேரம் சிறிது நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். பரீட்சை முடிவு வரும் மே மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். மார்க் எதுவானாலும் வீட்டில் என்ன சொல்வோம் என்பதை முடிவு வரும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

ராத்திரி நேரமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது.

அண்ணனுக்கு ஏன் எல்லோரும் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள் என்று 8 வயதுச் சின்னவள் கேட்கிறாள். என்ன சொல்வது? – காட்பாடி

உண்மையை அவள் வயசுக்குச் சொல்லுங்கள்: "அண்ணனுக்கு மனசுல ஒரு நோய் வந்திருக்கு. அதனால சீக்கிரம் கோபம் வருது, விளையாடப் பிடிக்கல. டாக்டர்கிட்ட காட்டுறோம். நீ பண்ணின எதனாலயும் வரல." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தன்னால்தான் வந்தது என்று தங்களுக்குள் நினைத்துக்கொள்வது உண்டு. அண்ணனைக் கவனிக்கும் பொறுப்பை அவள் தலையில் வைக்காதீர்கள். ஒரு தடவை அவளையும் சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் யார் எப்போது சிரித்தார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதைச் சின்னவர்கள்தான் எங்களிடம் சரியாகச் சொல்கிறார்கள்.