லண்டன்ல அலாரம் அடிச்சா ஃபயர் சர்வீஸ் வராதான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, செப்டம்பர்ல லண்டன் வர்றேன், ஸ்டூடண்ட் ஹால்ல ரூம் போட்டாச்சு, சமைக்கும்போது அலாரம் அடிச்சா ஃபைன் போடுவாங்களா, இப்பல்லாம் ஃபயர் சர்வீஸ் வர்றதே இல்லன்னு ஒருத்தர் சொன்னாரே நிஜமான்னு கேட்டிருக்கீங்க. கூடவே பார்ட் டைம் வேலை, பஸ் பாஸ், எந்த பேங்க் நல்லதுன்னும் கேட்டிருக்கீங்க. அதெல்லாம் வந்து ரெண்டு வாரத்துல தானா பிடிபட்டுடும், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அலாரம் விஷயத்துல மட்டும் யார் பேச்சையும் கேக்காதீங்க, நம்மாளுங்க இதுல சொல்றது பாதிக்கு மேல தப்பு.

வர்றதே இல்லங்கறது அரைகுறையா காதுல விழுந்த சேதி. 2024 அக்டோபர் 29ல இருந்து லண்டன் ஃபயர் பிரிகேட் ஒரு முடிவு எடுத்தாங்க. ஆபீஸ், கடை மாதிரி இடங்கள்ல காலைல 7 மணியில இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் வெறும் ஆட்டோமேட்டிக் அலாரம் அடிச்சுச்சுன்னா வண்டி கிளம்பாது, யாராவது போன் பண்ணி இங்க நெருப்பு இருக்குன்னு சொன்னாதான் வருவாங்க. ஸ்காட்லாந்துல இதே மாதிரி 2023 ஜூலை 1லேயே கொண்டு வந்துட்டாங்க. வீடு, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்னு ஆளுங்க படுத்துத் தூங்குற இடத்துக்கு இந்த ரூல் கிடையாது. ஏன் இப்படின்னா, இங்கிலாந்துல ஃபயர் சர்வீஸ் ஓடுற பத்து இடத்துல சுமார் நாலு பொய் அலாரம். அடிக்கடி பொய் அலாரம் அடிக்கிற ஆபீஸ் கட்டடங்கள்கிட்ட பணம் வசூலிக்கவே 2011 சட்டத்துல வழி இருக்கு. அது கட்டடத்துக்காரர் பாடு, உங்க தலையில விழாது. ஆனா ஹால்காரங்க தனியா ஃபைன் போடலாம், கையெழுத்து போடுற அக்ரிமெண்ட்டை ஒழுங்கா படிச்சுப் பாருங்க.

நான் 2008ல வந்தேன். முதல் பிப்ரவரி, ராத்திரி ஒன்னேகால் இருக்கும், ஷிஃப்ட் முடிச்சு வந்து அடுப்புல எண்ணெய் வச்சுட்டு கதவு தானா மூடிக்குதேன்னு கீழ இருந்த தீயணைப்பு சிலிண்டரையே முட்டுக் கொடுத்து திறந்து வச்சேன். சமையலறைல மேல இருந்தது சூட்டுக்கு மட்டும் அடிக்கிற டிடெக்டர், புகைக்கு அடிக்காது, அது எனக்குத் தெரியாது. காரிடார்ல இருக்கிறதுதான் புகைக்கு அடிக்கிறது. எண்ணெய் லேசா புகைஞ்சதும் திறந்த கதவு வழியா புகை அங்க போய் மொத்த பில்டிங்கும் அலறிடுச்சு. அஞ்சு மாடி ஆளுங்களும் மழைல நிக்கிறாங்க, ஒரு பொண்ணு காலுல செருப்பு கூட இல்ல, துண்டைச் சுத்திக்கிட்டு நடுங்குறா. ஃபயர்காரர் ஒருத்தர் ஹெல்மெட்டை கழட்டிக்கிட்டு உள்ள வந்தார், என்னைத் திட்டல, முட்டுக் கொடுத்த சிலிண்டரை எடுத்து மறுபடி அதோட இடத்துல மாட்டினார், அந்தக் கதவு தானா மூடுறது எதுக்குன்னு நின்னு சொன்னார். புகையையும் நெருப்பையும் அந்த ரூமுக்குள்ளயே அரை மணி நேரம் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான் அந்தக் கதவுன்னார். நாங்க இங்க நிக்கிற நேரத்துக்கு வேற எங்கயோ நிக்க முடியாதுன்னும் சொன்னார், அது இன்னைக்கும் மனசுல இருக்கு.

மறுநாளே சீனியர் ஒருத்தர் ஐடியா கொடுத்தார், டிடெக்டர் மேல ஷவர் கேப் மாட்டிடு, பிரச்சனையே இருக்காதுன்னு. அவர் ரூம்ல மூணு வருஷமா அப்படித்தான் கிடந்துச்சாம். இதுதான் எனக்கு ஆத்திரம் வர்ற இடம். முன்னாடி வந்தவங்க பின்னாடி வர்றவங்களுக்கு கத்துக் கொடுக்கிறது இதுதானா? தூங்குற மனுஷனுக்கு புகை வாசனையே தெரியாது தம்பி, எழுப்பி விடுறது அந்த சின்னப் பெட்டி ஒன்னுதான். லண்டன்ல கிரென்ஃபெல் டவர்ங்கற அடுக்குமாடி தீப்பிடிச்சு 2017 ஜூன்ல 72 பேர் போனாங்களே, அந்தத் தீ நாலாவது மாடி சமையலறைல ஒரு ஃப்ரிட்ஜ்ல ஆரம்பிச்சது. அதுக்கப்புறமும் ஷவர் கேப் மாட்டுறவங்களைப் பாத்தா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது. சமைக்கும்போது கதவை மூடுங்க, ஜன்னலைத் திறங்க, எக்ஸாஸ்ட் போடுங்க, குளிக்கும்போது பாத்ரூம் கதவை மூடிக்கங்க ஏன்னா வெந்நீர் ஆவிக்கும் அடிக்கும், டியோடரண்ட்டை டிடெக்டருக்குக் கீழ நின்னு அடிக்காதீங்க. நான் அந்த பிப்ரவரிக்கப்புறம் இதுவரைக்கும் ஒரு அலாரம் கூட அடிக்க விட்டதில்ல, தினமும் நல்லா சமைக்கிறேன்.

இன்னொன்னு, இதைத்தான் நீங்க கேக்காமலே சொல்றேன். கடைலயோ வேர்ஹவுஸ்லயோ பகல்ல வேலை பாப்பீங்க, அங்க அலாரம் அடிச்சா யாரோ வருவாங்கன்னு நிக்காதீங்க, மேல சொன்ன ரூல் அங்கதான் வருது. வெளிய வந்துடுங்க, புகையோ நெருப்போ கண்ணால பாத்திருந்தா 999ங்கற அவசர நம்பருக்கு போன் அடிங்க, போஸ்ட்கோடு சொல்லுங்க. ஹால்லயும் சரி வாடகை வீட்டுலயும் சரி, கண்ணால பாத்தா அடிங்க, வீட்டு சீலிங்ல இருக்கிற சாதாரண பேட்டரி அலாரம் யாருக்கும் போன் போடாது.

போன் பண்ணா விசாவுல கை வைப்பாங்களோன்னு பயந்து நம்ம பசங்க அடிக்கவே மாட்டேங்குறாங்க, நானும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தேன். வேணும்னே பொய் சொல்லி கூப்பிடுறதுதான் குத்தம். நெருப்புன்னு நிஜமாவே நம்பி அடிச்சு, வந்து பாத்தா ஒன்னும் இல்லன்னா யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க, நெருப்பை அணைக்க வர்றதுக்கு காசும் கிடையாது. போன மாசம் பக்கத்து வீட்டு பின் பக்கம் புகை தெரிஞ்சு நானே அடிச்சேன். வந்து பாத்தாங்க, தோட்டத்துல இலை எரிச்சிருக்காங்க. போகும்போது வந்திருந்த ஃபயர் சர்வீஸ் அம்மா எனக்கு தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் வண்டில ஏறினாங்க.