பழைய ஸ்பீக்கரில் அலெக்சாவின் சத்தம் குறைவாக வருவது ஏன்?

எக்கோ டாட்டை (அலெக்சா இயங்கும் அமேசானின் சிறிய கருவி) பழைய புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்தால் பாட்டு முனகலாகக் கேட்கிறது என்கிறீர்கள். ஸ்பீக்கர் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. எக்கோவுக்கு ஒரு வால்யூம், ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு வால்யூம். புதிய கருவிகளில் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். அந்த வசதி, புளூடூத்தில் கட்டளைகளை அனுப்பும் ஏவிஆர்சிபி (AVRCP) என்ற நெறிமுறையின் 1.4 பதிப்பில்தான் வந்தது. பழைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் அது இல்லை. எக்கோவின் வால்யூம் 3-இல் நின்றால், அந்த மெலிந்த ஒலியைத்தான் ஸ்பீக்கர் வாங்கிப் பெருக்கும், கூடவே இரைச்சலையும்.

அதனால் முதலில் ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்துவிட்டு, எக்கோவை 9-க்கு ஏற்றுங்கள், உச்சம் 10. அப்புறம் ஸ்பீக்கரில் மெதுவாகக் கூட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினால் திடீரென்று அலறிவிடும்.

அப்படியும் சரியாகவில்லையா? 3.5 மிமீ ஆடியோ வயர்தான் நல்ல வழி. ஆனால் 5-ஆம் தலைமுறை எக்கோ டாட்டில் அந்தத் துளை கிடையாது, வயர் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.