கவுன்டி சாலைத் துறையிடம் காரியம் ஆக வேண்டுமா? வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவின் பொதுச்சாலை நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் கவுன்டிகளின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவுகளின்) பொறுப்பில் இருக்கிறது. குழி, சிக்னல், பனி, வேகத்தடை, முதியோருக்கான வண்டி என்று கவுன்டி போக்குவரத்துத் துறை பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வீட்டுக்கு அருகே சாலையில் பெரிய குழி. நகராட்சியைக் கேட்டால் கவுன்டி என்கிறார்கள், கவுன்டியைக் கேட்டால் மாநிலம் என்கிறார்கள். உண்மையில் யாரிடம் போவது?

பதில்: முதலில் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் போடும் புகார் மேசை மேசையாக அலையும். மாநிலம், கவுன்டி, நகராட்சி, தனியார் என நான்கு வகை உண்டு. புதிய குடியிருப்புகளில் உள்தெருக்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சொத்து. கவுன்டி அதில் ஒரு கூடை தார்கூடப் போடாது.

நீல நிற ஐங்கோணப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் இருந்தால் அது கவுன்டி வழித்தடம். ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. நியூ ஜெர்சியில் 500, 600 வரிசை எண்கள் கவுன்டி சாலைகள். வர்ஜீனியாவிலோ 600க்கு மேற்பட்ட எண் கொண்ட கிளைச்சாலைகளை மாநிலமே பராமரிக்கிறது. அங்கே ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ ஆகிய இரண்டு கவுன்டிகள்தான் தங்கள் சாலைகளைத் தாங்களே கவனிக்கின்றன. வட கரோலினாவில் கவுன்டிகளுக்குச் சாலைப் பொறுப்பே கிடையாது. கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் கவுன்டி அரசு என்ற அமைப்பே இல்லை. கலிபோர்னியாவில் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் பகுதியின் உள்ளூர்ச் சாலைகள்தான் பொதுவாகக் கவுன்டிக்கு வரும்.

பல கவுன்டிகள் தங்கள் இணைய வரைபடத்தில் சாலை உரிமையைக் காட்டுகின்றன. அதில் பார்த்துவிட்டு, உள்ளூர்ச் சேவைப் புகாருக்கான 311 தொலைபேசி எண் உள்ள இடத்தில் அதன் வழியாகவும், இல்லாத இடத்தில் துறையின் இணையப் படிவத்திலும் புகார் கொடுங்கள். வீட்டு எண், எந்தத் திசை போகும் தடம், ஓரத்திலிருந்து எத்தனை அடி, குழியின் நீள அகலம், ஆழம் ஆகியவற்றை எழுதி, ஒரு படமும் சேருங்கள். படத்துக்காக நடுச்சாலையில் நிற்க வேண்டாம். கடைசியில் வரும் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் பேசியது பதிவாகாமல் போகலாம். எண் இருந்தால் அந்த வேலை எங்கே நிற்கிறது என்று யாரும் தேடிச் சொல்ல முடியும்.

கேள்வி: ஜனவரியில் அடைத்த குழி மூன்றே வாரத்தில் மறுபடி திறந்துவிட்டது. வேலை சரியில்லையா?

பதில்: பெரும்பாலும் பருவம்தான் காரணம். விரிசல் வழியாக இறங்கும் நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. அது தாரைத் தூக்குகிறது. உருகியதும் அடியில் வெற்றிடமும் ஊறிய மண்ணும் மிஞ்சும். மேலே லாரி ஏறினால் உடைந்து விழும். குளிர் மாநிலங்களில் சூடான தார்க் கலவை ஆலைகள் குளிர்காலத்தில் மூடிவிடுவதால், அப்போது குளிர்கலவையைக் கொட்டி அழுத்திவிட்டுப் போவார்கள். அது தற்காலிகக் கட்டுதான். ஈரம் இருந்தாலும் ஓரம் சிதைந்திருந்தாலும் பிடிக்காது.

நிலைக்கும் பழுதுபார்ப்புக்கு, உடைந்த பகுதியைத் திடமான தார் வரைக்கும் சதுரமாக வெட்டி எடுத்து, தூசி நீக்கி, ஒட்டுத்தார் பூசி, சூடான கலவையைப் போட்டு உருளையால் இறுக்க வேண்டும். வசந்தத்தில் அதே இடம் மறுபடி பெயர்ந்தால் புதிதாகப் புகார் கொடுத்து, பழைய புகார் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்பப் பெயர்ந்தால் அடியில் வடிகால் அடைப்போ குழாய்க் கசிவோ இருக்கக்கூடும். “இங்கே மழை நீர் தேங்குகிறது” என்று ஒரு வரி சேர்த்தால் தார் வண்டி மட்டும் வராமல் வடிகால் ஆட்களும் வந்து பார்ப்பார்கள்.

கேள்வி: குழியில் இறங்கி டயரும் சக்கர விளிம்பும் போய்விட்டன. கவுன்டி பணம் தருமா?

பதில்: தரலாம், ஆனால் எளிதல்ல. பொதுவாக, அந்தக் குழி கவுன்டிக்கு முன்பே தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும், சரிசெய்ய நியாயமான அவகாசமும் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாள் முன்பு கொடுத்த புகாரின் எண் இங்கேதான் உதவும். புகார்ப் பதிவுகளைப் பொது ஆவணச் சட்டப்படி கேட்டுப் பெறலாம்.

காலக்கெடு மிகக் கறாரானது. கலிபோர்னியாவில் வாகனச் சேதத்துக்கு 6 மாதத்துக்குள், நியூ ஜெர்சியில் 90 நாளுக்குள் எழுத்துபூர்வமாகக் கோர வேண்டும். குழிப் புகார் படிவமும் இழப்பீட்டுக் கோரிக்கையும் வேறு வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதையும் கொடுத்ததாக நினைத்துக் கெடுவைத் தவறவிடுபவர்கள் பலர். குழியின் படம், ரசீது, தேதி, நேரம் எல்லாம் வையுங்கள். உடைந்த டயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சந்திப்பில் எல்லாப் பக்கமும் ஸ்டாப் சைன் வைக்கச் சொல்லி நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். “தகுதி வரம்பை எட்டவில்லை” என்று பதில் வந்தது. எங்கள் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: கையெழுத்து ஆய்வைத் தொடங்க வைக்கும். முடிவு அளவீட்டைப் பொறுத்தது. நாடு முழுவதற்குமான போக்குவரத்துக் குறிகள் கையேடு ஒன்று உண்டு. அதன் 11ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. சில மாநிலங்கள் அதைத் தழுவித் தங்கள் பதிப்பை வைத்திருக்கின்றன. பெரிய சாலையில் ஏதேனும் 8 மணி நேரம், மணிக்குச் சராசரியாக 300 வாகனங்கள். அதே நேரத்தில் குறுக்குச் சாலையில் வாகனம், நடப்பவர், சைக்கிள் சேர்த்து 200. இதுவே வழக்கமான வரம்பு. இதற்குத் தனி வழியாக, நாலு முனைச் சந்திப்பில் 12 மாதத்துக்குள் ஸ்டாப் சைனால் தடுத்திருக்கக்கூடிய வகை விபத்துகள் 5 அல்லது அதற்கு மேல் நடந்திருந்தாலும் பரிசீலிப்பார்கள்.

இங்கே நம்மவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. பதிவான விபத்துகள் மட்டுமே கணக்கில் வரும். சின்ன இடிதானே என்று போலீஸைக் கூப்பிடாமல் கைகுலுக்கிப் பிரிந்தால், பொறியாளரின் அட்டவணையில் அது நடக்காத விபத்து.

வேகத்தைக் குறைக்க ஸ்டாப் சைனைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே கையேடு சொல்கிறது. குறுக்கே வண்டியே வராத இடத்தில் வைத்தால் ஓட்டுநர்கள் முழுதாக நிற்காமல் உருட்டிக்கொண்டே போகப் பழகுவார்கள். இழந்த நேரத்தைப் பிடிக்கச் சில நூறு அடிக்குள் வேகம் பழையபடி ஏறும். சாலையைக் கடக்கும் குழந்தை வண்டி நிற்கும் என்று நம்பி இறங்குவதால், அந்தச் சைன் இல்லாததைவிட ஆபத்தாகும். இந்த மறுப்பு பல நேரம் நியாயமானதே.

அதனால் பிரச்சினை என்ன என்று பிரித்துக் கேளுங்கள். பக்கச் சாலையிலிருந்து வருபவருக்குப் பார்வை மறைகிறது என்றால், புதர் வெட்டவும் மூலையருகே வண்டி நிறுத்தத் தடை போடவும் கேளுங்கள். அதற்கு இத்தனை கணக்கெடுப்பு தேவையில்லை. வேகம்தான் பிரச்சினை என்றால் போக்குவரத்துத் தணிப்பு ஆய்வு கேளுங்கள். சாலையில் ரப்பர் குழாய் போட்டோ ரேடார் வைத்தோ அளப்பார்கள். நூறு வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்தைத் தாண்டவில்லையோ அதுதான் அவர்கள் பார்க்கும் எண். அறிவிப்பு வேகத்தைவிட அது எவ்வளவு கூடுதல் என்பதற்குக் கவுன்டிக்குக் கவுன்டி வரம்பு மாறும். பிறகு, பாதிக்கப்படும் வீடுகளில் பெரும்பான்மையின் ஒப்புதல் கேட்பார்கள். வேகத்தடை பொதுவாக 12 முதல் 14 அடி நீளம், 3 முதல் 4 அங்குல உயரம் இருக்கும். தீயணைப்பு வண்டிகளின் முக்கிய வழியில் அதற்கு அனுமதி கிடைப்பது கடினம். அங்கே தடத்தைக் குறுக்குவதைக் கேளுங்கள்.

கேள்வி: இரவு 11 மணிக்குப் பக்கச் சாலையில் நின்றால் பச்சை விழவே மாட்டேன் என்கிறது. பகலில் அம்மா நடந்து கடக்கப் போனால் பாதியிலேயே கை மின்ன ஆரம்பிக்கிறது. இரண்டையும் யார் கேட்பது?

பதில்: முதலாவதற்கு உணரியைச் சந்தேகிக்கலாம். நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் தாரில் சதுரமாகவோ வட்டமாகவோ வெட்டிய கோடு தெரிந்தால், அதற்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. கோட்டைத் தாண்டியோ மிகவும் பின்னாலோ நின்றால் அது உங்களை உணராது. சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் அந்த வெட்டுக்கோட்டின் மேலேயே நிறுத்துங்கள். சரியாக நின்றும் பச்சை வராவிட்டால் கம்பி அறுந்திருக்கலாம். சாலையைச் சுரண்டிப் புதுத் தார் போட்ட பிறகு இது அடிக்கடி நடக்கும். நேர் எதிராக, யாரும் இல்லாத பக்கத்துக்கு இரவெல்லாம் பச்சை விழுந்துகொண்டே இருந்தாலும் பழுதுதான் பெரும்பாலும் காரணம். உணரி கெட்டால் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் திசைக்கு ஒவ்வொரு சுற்றிலும் பச்சை கொடுக்கும்.

புகாரில் “சிக்னல் மோசம்” என்று எழுதாதீர்கள். எந்தத் திசையிலிருந்து, நேரா இடப்புறத் திருப்பமா, எத்தனை மணிக்கு, எத்தனை சுற்று காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். மூலையில் நிற்கும் உலோகப் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் சேருங்கள். கவுன்டி சாலையில் இருந்தாலும் சிக்னல் மாநிலத்துடையதாக இருக்கலாம். பல இடங்களில் அந்த ஒட்டுத்தாளே அதைச் சொல்லிவிடும்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். நடக்கும் உருவம் வழக்கமாகக் குறைந்தது 7 விநாடி தெரியும். பிறகு மின்னும் கை, ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிப்பதற்கான நேரம். அப்போது புதிதாக இறங்கத்தான் கூடாது. அந்த நேரத்தைக் கணக்கிட விநாடிக்கு 3.5 அடி நடைவேகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 84 அடி அகலச் சாலைக்கு 24 விநாடி. முதியோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும் வழக்கமாகக் கடக்கும் இடத்தில் இதைவிடக் குறைந்த வேகத்தை எடுத்துக்கொள்ளக் கையேடு இடம் தருகிறது. 3 அடி என்று வைத்தால் 28 விநாடி கிடைக்கும். அருகில் முதியோர் இல்லம், மருத்துவமனை, கோயில் எதுவானாலும் குறிப்பிட்டு, “இந்தச் சந்திப்பில் நடைவேகத்தை மறுகணக்கீடு செய்யுங்கள்” என்று கேளுங்கள். புதுக் கம்பம் நட வேண்டியதில்லை, கட்டுப்பாட்டுப் பெட்டியில் நேர அளவை மாற்றினால் போதும் என்பதால் தயங்காமல் கேட்கலாம்.

எல்லாப் பக்கமும் சிவப்பு மின்னினால் அங்கே எல்லோரும் நின்று முறை வைத்துச் செல்ல வேண்டும். அதைப் புகார்ச் செயலியில் போடாமல், 24 மணி நேர அவசர எண்ணில் தொலைபேசியில் சொல்லுங்கள்.

கேள்வி: டிரைவ்வேயைச் சுத்தம் செய்து முடித்ததும் பனி வாரும் வண்டி வந்து வாசலை மூடிவிட்டுப் போகிறது.

பதில்: ஒவ்வொரு வாசலிலும் வண்டியின் பனி வாரும் அலகைத் தூக்க அவர்களுக்கு வழியில்லை. சாலையைப் பார்த்து நின்றால் வண்டி உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். டிரைவ்வேக்கு இடப்புறம் சாலையோரத்தில் பத்தடி அளவுக்கு ஒரு இடத்தை முன்கூட்டியே வாரி வையுங்கள். அலகில் சேர்ந்த பனி அங்கே விழுந்துவிடும். நீங்கள் வாரும் பனியை வலப்புறம் குவியுங்கள். சாலையில் தள்ளாதீர்கள், பல இடங்களில் அபராதம் உண்டு.

கேள்வி: வீட்டு முன் புல்தரையில் மரம் நடவும் டிரைவ்வேயை அகலப்படுத்தவும் அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். தார் 26 அடி அகலம் இருந்தாலும் சாலைக்கான பொதுநிலம் 50, 60 அடி இருக்கக்கூடும்; உங்கள் புல்லில் ஒரு பகுதி அதற்குள் வரும். வீட்டு நில அளவை வரைபடத்தில் எல்லையைப் பாருங்கள். டிரைவ்வே சாலையைத் தொடும் பகுதிக்குத் துறையின் பெர்மிட் தனி, கட்டட பெர்மிட் தனி. முதலாவது இல்லாமல் ஒப்பந்தக்காரர் ஊற்றிய கான்கிரீட்டை உங்கள் செலவில் உடைக்கச் சொல்ல முடியும்.

மண்வெட்டி போடும் முன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் சேவையின் எண்ணான 811ஐ அழையுங்கள். இலவசம். சில வேலை நாள் முன்பே சொல்ல வேண்டும். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை நிறம் தெளித்துப் போவார்கள். மீட்டருக்குப் பிறகு நீங்களே போட்ட இணைப்புகளையும் புல்தரை நீர்க்குழாயையும் அவர்கள் குறிக்க மாட்டார்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்திருக்கும் அப்பாவால் பேருந்து ஏற முடியாது. கவுன்டி வேன் கிடைக்குமா?

பதில்: உங்கள் பகுதியில் வழக்கமான பொதுப் பேருந்து ஓடினால், மாற்றுத்திறனாளிகளுக்கான வேன் சேவை சட்டப்படி இருந்தாக வேண்டும். வழித்தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள், பேருந்து ஓடும் அதே நேரத்தில் கிடைக்கும். கட்டணம் பேருந்துக் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. வயது மட்டும் தகுதி ஆகாது. உடல்நிலை காரணமாகப் பேருந்தைத் தானே பயன்படுத்த முடியாது என்பதே அளவுகோல்.

அங்கே குடியிருப்பவர் விண்ணப்பித்தால் 21 நாளுக்குள் முடிவு வராதபோது, முடிவு வரும்வரை தகுதியுடையவராக நடத்த வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு வேறு விதி இருக்கிறது. 365 நாளில் 21 நாள் வரை பயணம் செய்யலாம். விண்ணப்பத்தில் “வருகையாளர்” என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் நீண்ட மதிப்பீட்டு வரிசையில் போய்விடும். வசிப்பிடச் சான்றும், வெளியே தெரியாத குறைபாடு என்றால் மருத்துவச் சான்றும் கேட்கலாம். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுங்கள்.

பயணத்துக்கு முந்தைய நாளே பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ மாற்றிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. மருத்துவர் நேரத்தைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். உதவிக்கு ஒருவர் அவசியம் என்று பதிவாகியிருந்தால் அவருக்குக் கட்டணம் இல்லை. பல இடங்களில் ஓட்டுநர் 5 நிமிடம்தான் காத்திருப்பார். வராமல் போவது திரும்பத் திரும்ப நடந்தால் சேவையை நிறுத்திவைக்கலாம். போக முடியாவிட்டால் தாமதிக்காமல் ரத்து செய்யுங்கள்.