ஆறு வயதுப் பையனுக்கு ராத்திரியில் கால் வலி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஆறு வயது மகன் ராத்திரியில் கால் வலி என்று அழுகிறான், "வளர்ற புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. நான் கடலூரில் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, காலையில் எழுந்ததும் பிள்ளை எப்படி நடக்கிறான் என்றுதான். வளர்ச்சி வலி 3 முதல் 12 வயதுக்குள், சாயங்காலமோ ராத்திரியோ, இரண்டு கால்களிலும் வரும். நீவிவிட்டால் அடங்கும். விடிந்தால் சில்வர் பீச் மணலில் ஓடவும் தயாராக இருப்பான்.

எழுந்ததும் தூக்கச் சொல்கிறான், விந்தி விந்தி பாத்ரூம் போகிறான், ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் சரியாகிவிடுகிறான் என்றால், பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அது மூட்டழற்சி என்ற மூட்டு வீக்க நோயின் விறைப்பாக இருக்கலாம். சில பிள்ளைகள் வலி என்றே சொல்லாது, மூட்டு மட்டும் வீங்கியிருக்கும். இந்த நோயில் கண்ணும் வெளியே தெரியாமல் கெடலாம் என்பதால் கண் டாக்டரும் பார்த்தாக வேண்டும்.

காய்ச்சலோடு ஒரு மூட்டு வலித்து, காலை ஊன்றவே மாட்டேன் என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உள்ளே சீழ் பிடித்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரித்துப்போகும். சுளுக்கு எடுப்பவரிடம் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.

முகம் வெளிறி, அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள், விட்டு விட்டுக் காய்ச்சல், காலைத் தொடவே விடாத வலி என்றால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். ரத்தப் புற்றுநோய் இப்படியும் தொடங்கும்.

அப்புறம், பையன் தரையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். குப்புறத் திரும்பி, இரு கைகளையும் ஊன்றி, பிறகு முட்டியில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் காலையே பிடித்து ஏறுவதுபோல எழுந்தால் அது தசை பலவீனம். கெண்டைக்கால் பருத்துத் திடமாகத் தெரிவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது, சோம்பேறி என்று திட்டுவார்கள். டூஷேன் என்ற பரம்பரைத் தசை நோயா என்று பார்க்க முதலில் சிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

முட்டி வலி என்று பிள்ளை காட்டினாலும் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுந்ததும் விந்தி நடக்கிற பிள்ளையானால், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய், ஓபி சீட்டு வாங்கி டாக்டர் முன்னால் உட்காருவதற்குள் விறைப்பு விட்டு நன்றாகவே நடப்பான். அதனால் காலையில் படுக்கையைவிட்டு இறங்கும்போதே போனில் வீடியோ எடுத்துவையுங்கள்.