சட்டத்தில் 'வருடம்', 'மாதம்' என்றால் காலண்டரில் இருப்பதுதானே?

வேலையை விடும் நேரத்தில் "இன்னும் அஞ்சு வருஷம் முடியலையே" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2019-இல் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

நான் விலகியது நான்கு வருடம் பத்து மாதத்தில். கிராஜுவிட்டி (ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடை) பற்றிக் கேட்டதும் எச்.ஆரில் இருந்த தம்பி மேசைக் காலண்டரை என் பக்கம் திருப்பி, "நீங்களே எண்ணிப் பாருங்க சார்" என்றார். இரண்டு மாதம் குறைந்தது. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் தொழிற்சங்கத்தில் இருந்த நண்பர் ஒருவர்தான் 1972-ஆம் ஆண்டின் கிராஜுவிட்டி சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அந்தச் சட்டத்தில் அது ஒரு வருடத் தொடர் பணி. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனம் என்றால் 190 நாளே போதும். எங்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டும் லீவு. ஐந்தாம் வருடத்தில் நான் 190-ஐ எப்போதோ தாண்டியிருந்தேன். மேட்டூர் பியர்ட்செல் என்ற நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் ஐந்தாம் வருடத்தை இப்படித்தான் எண்ணியிருக்கிறது.

மூன்று கடிதம் போட்ட பிறகு பணம் வந்தது. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்பதுதான் கிராஜுவிட்டி கணக்கு. ஆனால் ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்திருந்தார்கள்! இந்தச் சட்டத்துக்கு மாதம் என்றால் 26 நாள், ஞாயிறு நான்கும் போக. அடிப்படைச் சம்பளம் 26,000 என்று வையுங்கள். 26 ஆல் வகுத்தால் 15 நாளுக்கு 15,000. 30 ஆல் வகுத்தால் 13,000. ஐந்து வருடத்துக்கு 10,000 ரூபாய் வித்தியாசம். அதற்கு இன்னொரு கடிதம்.

சட்டங்களில் வரும் பொதுவான சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தில் (1897) வருடம், மாதம் எல்லாம் ஆங்கில நாட்காட்டிப்படிதான் என்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தனிச் சட்டம் வேறு கணக்கு சொல்லாத இடத்துக்கு. போனஸுக்கு அந்த வருடத்தில் 30 நாள் வேலை பார்த்தாலே தகுதி, மகப்பேறு பலனுக்கு 80 நாள். வருமான வரிக்காரருக்கோ வருடமே ஏப்ரலில்தான் பிறக்கிறது.

நான் வக்கீல் இல்லை. "இப்போதுதான் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதே" என்று கிளம்பப் போகிறவர்களுக்கு: சரி, நான் சொன்னது அன்றைய கதை. எல்லா மாநிலத்திலும் இப்படியே தீர்ப்பு வரும் என்றும் நான் சொல்லவில்லை.

அடையாள அட்டைக்கு முன்பணம் என்று பிடித்த 200 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், கையெழுத்துகூட வாங்கிக்கொண்டார்கள்.