பறவைக்குள் ஓடும் கடிகாரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பறவைகளுக்கு மெலடோனின் இரவில் மட்டும் அதிகம் சுரப்பது எப்படி?

பதில்: மெலடோனின் இரவை உடலுக்கு அறிவிக்கும் ஹார்மோன்; அதைச் சுரப்பது மூளையில் உள்ள பீனியல் என்ற சிறு சுரப்பி. அந்தச் சுரப்பியின் செல்களுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. கிளாக், பிமால்1 மரபணுக்களின் புரதங்கள் இணை சேர்ந்து பெர், கிரை மரபணுக்களைத் தூண்டும். அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் திரும்பி வந்து அந்த இணையையே அடக்கும். அவை சிதைந்ததும் இணை மறுபடி தலைதூக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இதே இணைதான் இரவில் ஏஏநாட் என்ற நொதியின் மரபணுவையும் முடுக்குகிறது. செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மெலடோனினாக மாறும் வேகம் அந்த நொதியின் கையில். நள்ளிரவில் விளக்கைப் போட்டுப் பாருங்கள்: நொதி விரைவாகச் சிதைந்து, மெலடோனின் சரிந்துவிடும்.

கேள்வி: மனிதருக்கும் இப்படித்தானே?

பதில்: இல்லை. நம் பீனியல் மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்கும். தானாக ஒளியை உணராது. கோழியின் பீனியலில் பினாப்சின் என்ற ஒளியுணர் புரதமே உண்டு, 1994இல் கண்டறிந்தார்கள். கோழிக்குஞ்சின் பீனியல் செல்களைத் தனியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும் மெலடோனின் நாள்தோறும் ஏறி இறங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1979இல் சிட்டுக்குருவியில் நடந்தது. பீனியலை அகற்றிய குருவி தொடர் இருளில் நேர ஒழுங்கை இழந்துவிடும். சிம்மர்மேன், மெனக்கர் என்ற ஆய்வாளர்கள் வேறொரு குருவியின் பீனியலை அதன் கண்ணுக்குள் வைத்தார்கள். ஒழுங்கு திரும்பியது; அதுவும் சுரப்பியைக் கொடுத்த குருவியின் நேரப்படி! கடிகாரம் எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆனால் எல்லாப் பறவைகளுக்கும் இதைப் பொருத்திவிடாதீர்கள். ஜப்பானியக் காடையில் பீனியலை எடுத்தாலும் ஒழுங்கு பெரும்பாலும் குலைவதில்லை. அங்கே கண்களுக்கே முதலிடம்.

கேள்வி: சேவல் விடியுமுன் கூவுவதும் இதனால்தானா?

பதில்: கடிகாரத்தால்தான். மாறாத மங்கிய ஒளியில் வைத்த சேவல்களும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் கூவும் ஒழுங்கைத் தொடர்ந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். கூவவைப்பது மெலடோனின்தான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

கேள்வி: முட்டைக்கோழிக்கு விளக்கு நேரத்தைக் கூட்டுவது மெலடோனினைக் குறைக்கவா?

பதில்: இல்லை. மெலடோனினை வைத்து இனப்பெருக்கப் பருவத்தை அறிவது பாலூட்டிகளின் கதை. பறவையில் ஒளி மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குள் இருக்கும் ஒளியுணர் செல்களைத் தொடுகிறது. முட்டையிடும் பருவத்தைத் தொடங்கி வைப்பவை அவையே. பீனியல் இல்லாத பறவையும் இனப்பெருக்கம் செய்யும்.